பழவேற்காட்டு மீனவர் குப்பங்களில் துணைக்குடியிருப்பும் அயலார் மறுப்பும்

ஆய்வுச்சுருக்கம்

ஒரு குடும்பம் தன் மனையிலேயே குறைந்த செலவில் இரண்டாவது சிறுவீடு கட்ட முனையும்போது அக்கம்பக்கத்தாரிடமிருந்து மறுப்பு எழுவது உலகின் பல பகுதிகளில் காணப்படும் நிகழ்வாகும். மேலைநாட்டு ஆய்வுகள் இம்மறுப்பைச் சொத்து மதிப்பு, வாகன நெரிசல், தனிமை ஆகியவற்றோடு தொடர்புபடுத்துகின்றன. பழவேற்காட்டு ஏரியைச் சார்ந்த மீனவர் குப்பங்களுக்கு இவ்விளக்கம் பொருந்தாது. இங்குப் புதிய வீடு என்பது புதிய தலைக்கட்டு. புதிய தலைக்கட்டு என்பது நீரிலும் கரையிலும் புதிய பங்கு. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைகள், வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், தொல்லியல் சட்டம், ஏரியின் பாடுமுறை, சாதி அமைப்பு ஆகியவை ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்து இம்மறுப்பை உருவாக்குகின்றன. மறுப்பின் வகைகளைப் பிரித்துக் காட்டுவதும், அவற்றுள் ஏற்கத்தக்கவை எவை, தள்ளத்தக்கவை எவை என அறிவதற்கான அளவுகோல்களை முன்வைப்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திறவுச்சொற்கள்: பழவேற்காடு, துணைக்குடியிருப்பு, தனிக்குடித்தனம், தலைக்கட்டு, பாடுமுறை, கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம், பொதுநிலம்.

1. முன்னுரை

மீனவர் வாழ்வு குறித்த தமிழ் ஆய்வுகள் பெரும்பாலும் தொழில், வழிபாடு, வழக்காறு, கலம், வலை ஆகியவற்றை மையமாகக் கொண்டவை. கரையில் மீனவர் குடியிருக்கும் வீடும் அவ்வீடு நிற்கும் நிலமும் அந்த அளவிற்கு ஆராயப்படவில்லை. ஆயினும், கரையில் இடமின்றிக் கடலிலோ ஏரியிலோ தொழில் செய்ய இயலாது. படகை ஏற்றி வைக்கவும், வலையைப் பரப்பிச் செப்பனிடவும், மீனைக் காயவைக்கவும் நீரோரத்தில் நிலம் வேண்டும். அந்நிலத்திற்கு அருகிலேயே வீடும் வேண்டும். மகனுக்கோ மகளுக்கோ திருமணமாகும்போது பெற்றோர் வீட்டை ஒட்டியே இன்னொரு வீடு தேவைப்படுகிறது. இந்த எளிய தேவையே சட்டம், வழக்காறு, சாதி ஆகிய மூன்றும் சந்திக்கும் இடமாகப் பழவேற்காட்டில் அமைந்துள்ளது.

2. துணைக்குடியிருப்பு: கருத்தும் பின்புலமும்

முதன்மை வீடு உள்ள மனையிலேயே தனிச் சமையலறை, தனிக் கழிப்பறை, தனி வாயில் ஆகியவற்றோடு அமையும் சிறிய வீடே துணைக்குடியிருப்பு எனப்படுகிறது. நிலத்திற்கெனத் தனியே பணம் செலவிட வேண்டியதில்லை என்பதால் குறைந்த வருவாயினருக்கு இது எட்டும் வழியாகக் கருதப்படுகிறது.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் இத்துறையில் அதிகம் பேசப்படும் எடுத்துக்காட்டாகும். அங்கு 2016ஆம் ஆண்டிலும் 2019ஆம் ஆண்டிலும் இயற்றப்பட்ட சட்டங்கள் உள்ளாட்சிகளின் தடைகளைத் தளர்த்தின. விதிகளுக்கு உட்பட்ட விண்ணப்பத்தை அயலாரின் கருத்துக் கேட்புக் கூட்டமின்றி, 60 நாட்களுக்குள் அலுவலர் நிலையிலேயே தீர்க்க வேண்டும் என்ற முறை ஏற்பட்டது. கடற்கரைப் பகுதிகளில் 1976ஆம் ஆண்டின் கடற்கரைச் சட்டம் தொடர்ந்து செல்லும்; எனினும் துணைக்குடியிருப்புக்கான கடற்கரை அனுமதிக்கு உள்ளாட்சி பொதுக்கூட்டம் நடத்த வேண்டியதில்லை என விலக்களிக்கப்பட்டது. அக்கம்பக்கத்தாரின் மறுப்பு வீடற்றோரின் தேவையை முடக்கிவிடலாகாது என்பதே இம்மாற்றத்தின் அடிப்படை.

தமிழ்ச் சமூகத்தில் இக்கருத்து புதியதன்று. திருமணமான மகனுக்குத் ‘தனிக்குடித்தனம்’ வைத்தல் நெடுநாளைய வழக்கம். தாழ்வாரத்தை அடைத்து ஓர் அறை எடுப்பது, வீட்டை ஒட்டிச் சார்ப்பு இறக்குவது, புறக்கடையில் கூரை வீடு போடுவது என இதற்குப் பல வடிவங்கள் உண்டு. அடுப்பு தனியானால் குடும்பம் தனி என்பதே ஊரார் கணக்கு. அரசின் கணக்கும் ஏறத்தாழ இதுவே: தனிச் சமையலறை இருந்தால்தான் தனிக் குடும்ப அட்டை. அடுப்பைப் பிரிப்பதற்குச் சுவர் ஒன்று போதும். அந்தச் சுவரை எழுப்புவதற்கு உரிமையுள்ள நிலம் வேண்டும். சிக்கல் இங்கிருந்தே தொடங்குகிறது.

3. பழவேற்காடு: இடமும் மக்களும்

திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தைச் சார்ந்த பழவேற்காடு, இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயலின் தென்முனையில் அமைந்துள்ளது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் உள்ளது. ஆரணியாறும் காளங்கியாறும் இதில் கலக்கின்றன. ஸ்ரீஹரிகோட்டாத் தீவு ஏரியை வங்கக் கடலிலிருந்து பிரிக்கிறது. டச்சுக்காரர்கள் 1613இல் இங்கு ஜெல்டிரியா கோட்டையை எழுப்பினர்; அவர்களது கல்லறைத் தோட்டம் இன்றும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது.

ஏரிக்கரையிலும் கடற்கரையிலும் பரவியுள்ள குப்பங்களில் பட்டினவர், இசுலாமியர், பட்டியல் சாதியினர், இருளர் எனப் பல பிரிவினர் வாழ்கின்றனர். பட்டினவர் நெடுங்காலமாக மீன்பிடித்தலைக் குலத்தொழிலாகக் கொண்டவர்கள். இருளர் ஏரியின் ஆழமற்ற பகுதிகளில் கையால் தடவி இறால் பிடிப்பவர்கள். தொழில்முறை வேறுபட்டிருப்பினும் ஒரே நீரையும் ஒரே கரையையும் சார்ந்தே இவர்கள் அனைவரும் வாழ்கின்றனர்.

இக்கரை அகலக்கூடியதன்று. ஒருபுறம் கடல், மறுபுறம் ஏரி, நடுவே மணல்திட்டு என்ற அமைப்பில் பல ஊர்கள் உள்ளன. 2016இல் வர்தா புயலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும் தாக்கிய கரை இது. தலைமுறைதோறும் குடும்பங்கள் பெருகுகின்றன, நிலம் பெருகுவதில்லை.

4. சட்டத்தின் மறுப்பு

பழவேற்காட்டில் புதிய வீட்டிற்கு முதல் மறுப்பு அண்டைவீட்டாரிடமிருந்து வருவதில்லை, சட்டத்திடமிருந்தே வருகிறது. மூன்று சட்டங்கள் இங்குக் கருதத்தக்கவை.

4.1 கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம்

1991 பிப்ரவரி 19ஆம் நாள் வெளியிடப்பட்ட முதல் அறிவிக்கை, ஊரகக் கடற்கரையில் உயர் அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டர் வரையிலான பகுதியைக் கட்டுமானத் தடைப்பகுதியாக்கியது. 200 மீட்டர் முதல் 500 மீட்டர் வரை மரபுரிமைக்கு உட்பட்ட வீடுகளை அனுமதித்தது. ஆனால் அதற்கு நிபந்தனைகள் இருந்தன: மொத்த வீடுகளின் எண்ணிக்கை அப்போதிருந்ததைப் போல இருமடங்கைத் தாண்டலாகாது, எல்லாத் தளங்களையும் சேர்த்த கட்டுமானப் பரப்பு மனையின் 33 விழுக்காட்டிற்குள் அடங்க வேண்டும், உயரம் 9 மீட்டருக்கு மேற்படலாகாது.

இந்நிபந்தனைகளின் விளைவை ஆழிப்பேரலைக்குப் பிந்தைய வீட்டுத் திட்டத்தோடு பொருத்திப் பார்க்கலாம். 2005 மார்ச் 30ஆம் நாளிட்ட தமிழக அரசின் வருவாய்த் துறை அரசாணை எண் 172, 200 மீட்டருக்குள் சேதமுற்ற வீட்டினர் அதற்கு அப்பால் செல்ல விரும்பினால் 1.50 லட்சம் ரூபாய் மதிப்புள்ள புதிய வீட்டை இலவசமாகப் பெறலாம் என்றது. பழைய இடத்திலேயே இருக்க விரும்புவோர் தம் செலவில் பழுது நீக்கிக்கொள்ளலாம்; அரசின் உதவி கிடையாது. ஊரகப் பகுதியில் ஒரு வீட்டிற்கு 3 சென்ட் மனை என்ற அளவு பின்பற்றப்பட்ட இடத்தைக் கொள்வோம். 3 சென்ட் என்பது ஏறத்தாழ 1,307 சதுர அடி. அதில் 33 விழுக்காடு 431 சதுர அடி. கட்டித் தரப்பட்ட வீடு 325 சதுர அடி எனில் எஞ்சுவது 106 சதுர அடி மட்டுமே. அதாவது, வீட்டைச் சுற்றி நிலம் கிடந்தாலும் மகன் குடும்பத்திற்கு ஓர் அறைக்கு மேல் சட்டப்படி கட்ட இயலாத நிலை. சேதமுற்ற ஒரு வீட்டிற்கு ஒரு வீடு என்ற கணக்கில் வழங்கப்பட்ட திட்டம், அவ்வீட்டிற்குள் எத்தனை குடும்பங்கள் இருந்தன, இனி எத்தனை உருவாகும் என்பவற்றைக் கருத்தில் கொள்ளவில்லை.

2011 ஜனவரி 6ஆம் நாள் வெளியான அறிவிக்கை இருமடங்கு வரம்பையும் 33 விழுக்காட்டு வரம்பையும் கைவிட்டு, உள்ளூர்த் திட்டமிடல் விதிகளுக்குட்பட்டு இரண்டு தளங்கள் வரை அனுமதித்தது. கடல்முகத்தில் 100 மீட்டர் முதல் 200 மீட்டர் வரையிலும் மீனவர் உள்ளிட்ட மரபார்ந்த கடற்கரைச் சமூகங்களின் வீடுகளை, அச்சமூகங்களைக் கலந்து உருவாக்கப்படும் விரிவான திட்டத்தின் அடிப்படையில் அனுமதிக்கலாம் என்றது. 2019 ஜனவரி 18ஆம் நாள் வெளியான அறிவிக்கை, சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் ஊரகக் கடற்கரையில் தடைப்பகுதியை 50 மீட்டராகக் குறைத்தது. 300 சதுர மீட்டர் வரையிலான சொந்தக் குடியிருப்புக்கு மாநிலக் கடற்கரை மண்டல மேலாண்மை ஆணையத்தின் பரிந்துரை வேண்டியதில்லை. உள்ளாட்சி அமைப்பே அறிவிக்கையின் விதிகளைப் பரிசீலித்து ஒப்புதல் அளிக்கலாம் என்றும் கூறியது.

ஆக, 1991க்கும் 2019க்கும் இடையே சட்டம் தளர்ந்துவந்துள்ளது. ஆனால் தளர்ச்சி மீனவருக்கு மட்டும் உரியதன்று. தடைப்பகுதி குறையும்போது சுற்றுலா விடுதிக்கும் அதே நிலம் திறக்கிறது. மீனவர் தம் வீட்டைச் சுற்றுலாப் பயணியர் தங்கும் இல்லமாக நடத்தவும் 2019 அறிவிக்கை இடமளிக்கிறது. விருந்தினருக்கு அறை ஒதுக்குவதற்குத் தெளிவான வழி இருக்க, மகனுக்கு அறை எடுப்பதற்கு நிலவுரிமையே தெளிவாகாதிருப்பது இங்குள்ள முரண்.

4.2 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம்

ஏரியின் தமிழகப் பகுதியில் ஏறத்தாழ 153 சதுர கிலோமீட்டர் பரப்பு 1980இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 18ஆம் பிரிவின்படி அறிவிக்கை வெளியான பின், அப்பகுதி நிலத்தின்மீது புதிய உரிமை எதுவும் தோன்றுவதை 20ஆம் பிரிவு தடுக்கிறது. ஒரேயொரு விலக்கு உண்டு: வாரிசுரிமை. தந்தையின் நிலம் மகனுக்குச் சேரலாம்; ஆனால் தந்தை உயிரோடிருக்கையில் தன் மனையில் ஒரு பகுதியை மகனுக்கு எழுதிக் கொடுப்பதோ அயலாரிடம் ஒரு சென்ட் வாங்குவதோ சிக்கலுக்குள்ளாகும். தனிக்குடித்தனம் என்பது பெற்றோர் வாழும் காலத்திலேயே நிகழ்வது. வாரிசுரிமையோ அவர்கள் காலத்திற்குப் பின்னரே பயன் தருவது. சட்டம் ஏற்கும் காலமும் குடும்பத்தின் தேவைக் காலமும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை.

4.3 தொல்லியல் சட்டம்

தொன்மைச் சின்னங்கள் சட்டத்தின் 2010ஆம் ஆண்டுத் திருத்தம், பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டர் வரை புதிய கட்டுமானத்தைத் தடை செய்கிறது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்ட இயலும். டச்சுக் கல்லறைத் தோட்டத்தைச் சுற்றியுள்ள குடியிருப்புகள் இதற்கு உட்பட்டவை. பழுது பார்க்க அனுமதி பெறலாம். ஒட்டிப் புதிய வீடு எழுப்ப இயலாது.

5. ஊரின் மறுப்பு: தலைக்கட்டும் பாடும்

சட்டத்தின் மறுப்பைக் கடந்துவந்தாலும் ஊரின் மறுப்பு எஞ்சியிருக்கிறது. இதனைப் புரிந்துகொள்ளப் பாடுமுறையை அறிதல் இன்றியமையாதது.

ஏரியில் இறால் மிகுதியாகப் படும் இடங்கள் சிலவே. அவ்விடங்களில் வலையிடும் உரிமையைக் குலுக்கல் வழியாகவும் முறைவைத்தும் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடே பாடு எனப்படுகிறது. பழவேற்காட்டுப் பாடுமுறையை விரிவாக ஆராய்ந்த சாரா கூல்தார்ட், 2008இல் வெளியான தம் கட்டுரையில், இம்முறை உறுப்பினருக்குச் சமவாய்ப்பை அளிப்பதையும், அதே வேளையில் சாதி அடிப்படையில் பிறரை விலக்குவதையும் சுட்டியுள்ளார். சோழமண்டலக் கரையின் மீனவர் ஊர்ப் பஞ்சாயத்துகளை ஆராய்ந்த மார்டன் பாவிங்க், 2001இல் வெளியான நூலில், அரசின் விதிகளுக்கு இணையாக ஊரின் விதிகளும் நடைமுறையில் இருப்பதை விளக்கியுள்ளார்.

ஊரின் உறுப்பினர் அலகு தலைக்கட்டு. வரி கொடுப்பது, திருவிழாவில் பங்கேற்பது, பஞ்சாயத்தில் பேசுவது, பாட்டில் முறை பெறுவது ஆகிய அனைத்தும் தலைக்கட்டைச் சார்ந்தவை. கற்பனையாக ஓர் ஊரில் 60 தலைக்கட்டுகளும் நாளொன்றுக்கு 6 பாடுகளும் இருப்பதாகக் கொண்டால் ஒவ்வொருவருக்கும் 10 நாளுக்கு ஒருமுறை வாய்ப்பு வரும். 6 தலைக்கட்டுகள் கூடினால் அது 11 நாளாகும்; 30 கூடினால் 15 நாளாகும். ஏரியின் முகத்துவாரம் மணலால் தூர்ந்து மீன்வரத்து குறையும் ஆண்டுகளில் இந்த வேறுபாடு அடுப்பெரிவதையும் எரியாததையும் தீர்மானிக்கும்.

அரசின் உதவியும் குடும்பத்தை அலகாகக் கொண்டதே. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் தமிழக அரசு வழங்கும் உதவித்தொகை குடும்பத்திற்கு 8,000 ரூபாய். கூட்டுக் குடும்பமாக ஒரே அட்டையில் இருந்தால் ஒரு தொகை. அடுப்பும் அட்டையும் பிரிந்தால் இரண்டு.

எனவே, இரண்டாவது வீட்டைக் கட்டுபவன் ஓர் அறையை மட்டும் கட்டுவதில்லை. ஊருக்குள் ஒரு புதிய பங்கை நிறுவுகிறான். கலிபோர்னிய அயலார் தம் தெருவின் தோற்றத்தையும் வாகன நிறுத்தத்தையும் எண்ணி மறுக்கிறார். பழவேற்காட்டு அயலார் தம் முறைநாளை எண்ணித் தயங்குகிறார். ஊரில் பிறந்த மகனின் தனிக்குடித்தனத்தை ஊர் இறுதியில் ஏற்றுக்கொள்ளும். ஏனெனில் மறுப்பவர் வீட்டிலும் மகன் உண்டு. வெளியூரிலிருந்து பெண்ணெடுத்து மாமனார் ஊரிலேயே தங்கிவிடும் மருமகன், வேறிடத்திலிருந்து இடம்பெயர்ந்து வருபவர், பிற சாதியினர் ஆகியோரிடமே மறுப்பு கடுமையாகிறது.

6. பொதுநிலத்தை முன்னிட்ட மறுப்பு

குப்பத்தில் வீடுகளுக்கு இடையே கிடக்கும் வெற்றிடம் வெளியார் பார்வையில் காலிமனை. ஊராருக்கோ அது வலை உலர்த்தும் களம், படகு ஏற்றும் துறை, கருவாடு காயும் மணல், கோயில் திடல், புயலின்போது தப்பிச் செல்லும் வழி. இவற்றுள் ஒன்றில் வீடு எழுந்தால் அனைவருக்கும் இழப்பு. மணற்பாங்கான நிலத்தில் கழிப்பறைக் குழியும் கைப்பம்பும் நெருங்கி அமைந்தால் நன்னீர் கெடும் என்ற அச்சமும் மெய்யானதே; உவர்நீர் சூழ்ந்த ஊரில் மணலுக்கடியில் மெல்லிய படலமாக நிற்கும் நன்னீர் அரிய பொருள்.

இந்நிலங்கள் பெரும்பாலும் நத்தமாகவோ புறம்போக்காகவோ வருவாய்ப் பதிவேட்டில் உள்ளன. தமிழக வருவாய் நிர்வாகம் புறம்போக்கை ஆட்சேபணையுள்ளது, ஆட்சேபணையற்றது என இருவகையாகப் பிரிக்கிறது. நீர்நிலை, பாதை, மேய்ச்சல் நிலம் முதலியவை முதல் வகை. அங்குக் குடியிருப்போருக்குப் பட்டா வழங்கப்படுவதில்லை. வலை உலர்த்தும் களம் என்ற பயன்பாடு பதிவேட்டில் இடம்பெறாதபோது அது ஆட்சேபணையற்றதாகக் கருதப்பட்டு வேறெவருக்கும் ஒதுக்கப்படலாம். மறுபுறம், தலைமுறைகளாக வாழ்ந்துவரும் வீடு ஏரிப் புறம்போக்கு எனக் குறிக்கப்பட்டிருந்தால் அதற்குப் பட்டா கிடைக்காது. பட்டா இல்லையேல் அரசு வீடும் இல்லை. 2024இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டம் 360 சதுர அடி வீட்டிற்கு 3.50 லட்சம் ரூபாய் வழங்குகிறது. மனைக்கு உரிமை காட்ட இயலாத குடும்பத்திற்கு அத்தொகை எட்டாக்கனியே.

மறுப்பு என்றாலே தன்னலம் எனக் கொள்வதும் தவறாகும். 330 ஏக்கரிலிருந்து 6,111 ஏக்கராகக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தை விரிவாக்கும் முன்மொழிவைப் பழவேற்காட்டு மீனவர் எதிர்த்தது கரையையும் நீரையும் காப்பதற்காகவே. வலிமை குறைந்தோர் தம் பொதுவளத்தைக் காக்கக் கையாளும் கருவியும் மறுப்புதான். அதே கருவி தம்மினும் வலிமை குறைந்தோர்மீது திரும்பும்போது அதன் பொருள் மாறுகிறது.

7. சாதி சார்ந்த மறுப்பு

இருளர், பட்டியல் சாதியினர் ஆகியோரின் வீட்டு முயற்சிகளை எதிர்கொள்ளும் மறுப்பு வேறு தன்மையது. இங்கும் களம், குடிநீர், வழி ஆகிய காரணங்களே சொல்லப்படலாம். ஆனால் அதே இடத்தில் தம்மவர் கட்டினால் எழாத காரணம் பிறர் கட்டும்போது மட்டும் எழுமாயின், மறுக்கப்படுவது கட்டடமன்று, குடியிருப்பவரே.

நீதிமன்றங்கள் இத்தகைய மறுப்பை எதிர்கொண்ட வரலாறு உண்டு. உத்தரப்பிரதேசத்தில் பட்டியல் சாதியினரின் வீடுகளுக்காக நிலம் எடுக்கப்பட்டதை நிலவுடைமையாளர்கள் எதிர்த்த சமேலி சிங் வழக்கில், உச்ச நீதிமன்றம் 1995 டிசம்பரில் நிலமெடுப்பை உறுதிசெய்தது. உறைவிட உரிமை அரசமைப்பின் 21ஆம் உறுப்பு உறுதியளிக்கும் வாழ்வுரிமையின் ஒரு கூறு என்றும், உறைவிடம் என்பது தலைக்கு மேல் ஒரு கூரை மட்டுமன்று, போதிய இடமும் ஒளியும் காற்றும் நீரும் சுகாதாரமும் பாதையும் அடங்கியது என்றும் அத்தீர்ப்பு விளக்கியது. தமிழகத்தில் ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்காக நிலமெடுக்க 1978இல் இயற்றப்பட்ட சட்டமும் 1994இல் உச்ச நீதிமன்றத்தில் ஆனந்தியம்மாள் வழக்கில் ஆய்வுக்குள்ளாகி, இழப்பீட்டைத் தவணையாக வழங்கும் பகுதி நீங்கலாக, நிலைநிறுத்தப்பட்டது. வீட்டுமனைக்காக நிலமெடுக்கும்போது எழும் மறுப்பைக் கேட்க வேண்டும். கேட்டபின் தேவையின் தன்மையை நோக்கி முடிவெடுக்க வேண்டும் என்பதே இவ்வழக்குகளிலிருந்து பெறப்படும் பாடம்.

பழவேற்காட்டில் இதற்கு மேலும் ஒரு நுட்பம் உண்டு. இருளர் குடும்பம் நீரோரத்திலிருந்து அகற்றப்பட்டு உள்நிலத்தில் வீடு பெற்றால், வீடு கிடைக்கும், தொழில் அகன்றுவிடும். ஓதநீர் வடியும் நேரத்தை நோக்கியே இறால் தடவ இறங்க வேண்டியிருப்பதால், நடந்து செல்லும் தொலைவு கூடுவது வருவாய் குறைவதாகும். எனவே ‘வேறிடத்தில் கட்டிக்கொள்ளட்டும்’ என்ற மறுப்பு தோற்றத்தில் இணக்கமாயினும் விளைவில் விலக்கலாகவே அமையக்கூடும்.

8. மறுப்புகளைப் பிரித்தறியும் அளவுகோல்கள்

மேற்கண்டவற்றிலிருந்து நான்கு வினாக்களை அளவுகோல்களாகக் கொள்ளலாம்.

முதலாவது, மறுப்பு கட்டடத்தின் விளைவைக் குறித்ததா, குடியிருப்பவரைக் குறித்ததா? கழிப்பறைக் குழி எங்கு அமைய வேண்டும் என்பது விளைவு பற்றியது. இன்னார் வரலாகாது என்பது ஆள் பற்றியது. முன்னதற்குத் தொழில்நுட்பத் தீர்வு உண்டு. பின்னதற்கு ஒரே விடை தள்ளுபடிதான்.

இரண்டாவது, மறுப்பவர் அதே வசதியை முன்னரே பெற்றவரா? களத்தின் ஓரத்தில் தம் சார்ப்பை நீட்டியவர் இன்னொருவரின் சார்ப்பை மறுக்கையில் அவர் காப்பது களத்தையன்று, தம் முன்னுரிமையை.

மூன்றாவது, இழப்பு பொதுவினதா, தனியொருவரதா? படகுத்துறை அடைபடுவது ஊருக்கே இழப்பு. காற்று மறைகிறது என்பது ஒரு வீட்டின் குறை. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது.

நான்காவது, மறுப்போடு மாற்றிடம் முன்வைக்கப்படுகிறதா? அம்மாற்றிடம் நீருக்கும் தொழிலுக்கும் அருகில் உள்ளதா? மாற்றிடமற்ற மறுப்பு, மறுக்கப்படுபவரை ஊரைவிட்டு நீங்கச் சொல்வதற்கு ஒப்பாகும்.

பாட்டின் முறைநாள் குறித்த மறுப்பு இந்நான்கினுள்ளும் எளிதில் அடங்காது. அது மெய்யான இழப்பைக் குறித்தது. எனினும் அதற்குரிய இடம் வீட்டுமனை அன்று. குடியிருக்கும் உரிமையையும் பாடு பெறும் உரிமையையும் தனித்தனியே பேசும் வழக்கம் ஏற்பட்டால், முறைநாள் பற்றிய பூசல் தீர்வதற்குக் காத்திராமல் வீடு எழுந்துவிடும். ஆனால் இதிலும் எச்சரிக்கை தேவை. வீடு உண்டு, நீரில் பங்கில்லை என்ற நிலை நிலைபெற்றுவிட்டால் அது புதிய வகை இரண்டாம்தரக் குடிமையாக முடியும். பாட்டிற்கு வெளியே உள்ளோரின் தொழிலுரிமை தனியாகத் தீர்க்கப்பட வேண்டிய வினா. வீட்டைப் பிணையாக வைத்துத் தீர்க்கப்பட வேண்டியதன்று.

9. நீண்டகால வீட்டுத்தேவைத் திட்டம்

இச்சிக்கலுக்கான வழியொன்று 2011 அறிவிக்கையிலேயே உள்ளது. கடற்கரை மண்டல மேலாண்மைத் திட்டம் உருவாக்குகையில் மீனவர் ஊர்களையும் அவர்களது பொதுவிடங்களையும் புலவரைபட அளவில் குறிக்க வேண்டும் என்றும், ஊர்களின் விரிவாக்கத்தைக் கருத்தில்கொண்டு மீனவர் சமூகங்களின் நீண்டகால வீட்டுத்தேவைக்கான விரிவான திட்டத்தை மாநிலங்கள் உருவாக்க வேண்டும் என்றும் அது பணிக்கிறது. தமிழகத்தில் வரைவு வரைபடங்கள் கருத்துக் கேட்புக்கு வந்தபோது, பொதுவிடங்களும் வீட்டுத்தேவைத் திட்டமும் அவற்றில் இல்லை என்பதே மீனவர் அமைப்புகளின் முதன்மையான குறையாக இருந்தது.

இத்திட்டம் ஊர்தோறும் உருவாகுமாயின் மறுப்பின் இயல்பே மாறும். எந்த மணல் வலைக்குரியது, எது வீட்டிற்குரியது என்பது முன்கூட்டியே வரையப்பட்டிருந்தால், ஒவ்வொரு திருமணத்தின்போதும் ஊர் கூடி வழக்காட வேண்டியதில்லை. இருக்கும் வீட்டின்மேல் தளம் எழுப்ப ஏற்ற அடித்தளத்தை அரசு வீடுகளுக்கு முதலிலேயே இடுவதும் திட்டத்தின் பகுதியாகலாம். பொதுநிலத்தைத் தொடாமல் துணைக்குடியிருப்பு பெறும் வழி மேல்தளமே. புயல் வெள்ளத்தின்போது அது புகலிடமாகவும் பயன்படும். கலந்தாய்வில் ஊர்ப் பஞ்சாயத்தோடு நின்றுவிடாமல், அதில் இடம்பெறாத பெண்கள், இருளர், பட்டியல் சாதியினர் ஆகியோரையும் தனித்துக் கேட்பது இன்றியமையாதது. ஊரின் குரல் என ஒலிப்பது பெரும்பாலும் தலைக்கட்டு ஆண்களின் குரலே.

10. முடிவுரை

பழவேற்காட்டுக் குப்பங்களில் துணைக்குடியிருப்புக்கு எழும் மறுப்பு ஒற்றைத் தன்மையதன்று. சட்டத்தின் மறுப்பு அலைக்கோட்டிலிருந்தும் சரணாலய எல்லையிலிருந்தும் கல்லறைத் தோட்டத்திலிருந்தும் அளக்கப்படுகிறது. ஊரின் மறுப்பு பாட்டின் முறைநாளால் அளக்கப்படுகிறது. பொதுநிலத்தை முன்னிட்ட மறுப்பு ஏற்கத்தக்க காரணங்களைக் கொண்டது. சாதி சார்ந்த மறுப்பு அக்காரணங்களையே போர்வையாகக் கொள்ளக்கூடியது.

அயலாரின் மறுப்பைக் கேளாமலே அனுமதி வழங்கும் கலிபோர்னிய முறையை இங்கு அப்படியே கொண்டுவந்தால், வலைக்களங்களைக் காக்கும் ஊரின் உரிமையும் பறிபோகும். சுற்றுலா விடுதிகளுக்கே அது வழிவிடும். மறுப்பு அனைத்தையும் ஊரின் விருப்பம் என ஏற்றால், எளியவருக்கு என்றும் இடமிராது. மறுப்பைக் கேட்பதும் வகைப்படுத்துவதும் அதற்கேற்பத் தீர்ப்பதுமே பொருத்தமான முறை. அதற்கான சட்ட அடிப்படை 2011 முதலே இருக்கிறது. வரைபடத்தில் வலைக்களமும் வருங்கால வீடும் ஒருசேர இடம்பெறும் வரை, பழவேற்காட்டில் ஒவ்வொரு தனிக்குடித்தனமும் ஒரு வழக்காகவே தொடங்கும்.